எட்டு மணி இரத்தம்

என் வீட்டுக்காரருக்குக் கொசு என்று பெயர். நான் வைத்ததில்லை, அவர் வேலை பார்க்கும் தெரு வைத்தது. ஒரு பரிசோதனைக்கூடத்தின் கிளையில் பதினாறு வருடமாக இரத்தம் எடுக்கிறார். நிஜக் கொசு கடித்தால் தடிக்கும். இவர் குத்தினால் அதுகூடத் தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "கொசு அண்ணன் இருக்காரா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போவதை எல்லாம் வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. வயிற்றெரிச்சல் இருக்கிறது. அது வேறு கணக்கு.

எனக்கு வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இபுபுரோஃபென் என்று பெட்டியில் போட்டிருக்கும். தலைவலி, பல்வலி, இடுப்புவலி என்று ஊரே வாயில் போட்டுக்கொள்கிற மாத்திரை. பத்தொன்பது வயதில் கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று ஒன்றே ஒன்று போட்டேன். அரை மணிக்குள் உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்க முடியவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர், "இனிமே ஜென்மத்துக்கும் இந்த மாத்திரைப் பக்கமே போகாதம்மா" என்றார். அவர் எழுதித் தரவில்லை, அம்மாவும் எழுதிக் கேட்கவில்லை. அந்த டாக்டர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு இருந்த ஒரே சாட்சி அவள்தான். மிச்சம் இருப்பது என் வாய் மட்டும்.

நான் சலவை ஆலையில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்து வந்த விரிப்பின் ஒரு மூலையை நானும் மறு மூலையை இன்னொருத்தியும் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் விட வேண்டும். அது இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் சுருக்கமில்லாமல் துப்பும். உருளை நிற்காது, அதனால் நாங்களும் நிற்க முடியாது. எனக்கு எதிரே நிற்பவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். ஒன்பது வருடமாக அவளை எதிர்மூலை என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்கு நானும் எதிர்மூலைதான்.

கையைத் தூக்கித் தூக்கி எனக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. வலி என்று சொன்னால் ஆலையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. நர்ஸ் அறைக்குப் போக வேண்டும், மாத்திரை போட வேண்டும், கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும், திரும்பி உருளைக்கு வர வேண்டும். மாத்திரை வேண்டாம் என்றால் 'சிகிச்சையை மறுத்தார்' என்று நோட்டில் ஏறும். மூன்று முறை ஏறினால் வேலையை விட்டுப் போய்விட வேண்டியதுதான். என் பெயருக்கு நேரே இரண்டு முறை ஏறியிருந்தது.

இரண்டாவது முறை ஏற்றியவர் எங்கள் மேற்பார்வையாளர். துணிக்குப் போட வேண்டிய கஞ்சியை எல்லாம் இந்த ஆள் குடித்துவிட்டார் போலிருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்குப் பெயர் கஞ்சி. நிற்பதும் விறைப்பு, பேசுவதும் விறைப்பு.

"எனக்கு அது ஒத்துக்காதுங்க. தேய்க்கிற மருந்து ஏதாவது இருந்தா குடுங்க," என்று நான் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தார்.

"ஒத்துக்காதுன்னு வாயால சொன்னா ஆச்சா?" என்றார். "இன்னைக்கு நீங்க சொல்வீங்க, நாளைக்கு எல்லாரும் சொல்வாங்க. ஒரு பேப்பர் கொண்டு வாங்க. அலர்ஜின்னு எழுதியிருந்தா நோட்டுல போட மாட்டேன், வேற வேலைக்கு மாத்தி விடறேன். இல்லன்னா மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

நான் நர்ஸைப் பார்த்தேன். அந்தம்மா மாத்திரை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் அப்படிக் கழுவுவார்.

"நல்லதுதானே? டெஸ்ட் பண்ணிட்டாப் போச்சு," என்றார்.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்க? பட்டவளுக்குத் தெரியாதா?"

"புண்ணு உன் கையில இருக்கு. கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா?" துண்டால் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைதான். கல்யாணமான நாள்லருந்து ஒத்துக்காது ஒத்துக்காதுங்கற, ஒரு தடவையாவது நான் கண்ணால பாத்திருக்கேனா?"

பார்த்திருக்க முடியாது. ஒத்துக்கொள்ளாததை நான் சாப்பிடவில்லை, அதனால் அவர் பார்க்கவில்லை. இதைப் பதிமூன்று வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருமுறை என் நாத்தனார், "அவளுக்கு மாத்திரையா ஒத்துக்காது? வேலைதான் ஒத்துக்காது" என்றபோது இவர் சிரித்தார். நாத்தனார் சொன்னது மறந்துவிட்டது. இவர் சிரித்தது மறக்கவில்லை.

அவருக்கு ஒரு வசனம் உண்டு. "மனுஷன் பொய் சொல்வான். ரத்தம் பொய் சொல்லாது." சர்க்கரை சாப்பிடுவதே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள், குடியை விட்டுவிட்டேன் என்று மனைவி தலையில் அடிக்கிறவர்கள் எல்லாரையும் குழாய்க்குள் பார்த்தே பழகியவர். என்னையும் அந்த வரிசையில் உட்கார வைத்திருந்தார் என்பது எனக்குத்தான் லேட்டாகப் புரிந்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், டெஸ்ட் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தலைமைக்கூடத்தில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். "உன் ரத்தத்துல அந்த மாத்திரையக் கரைச்சு விடுவாங்க. ஒத்துக்கலைன்னா உள்ள இருக்கற செல்லெல்லாம் சிலுத்துக்கிட்டு எழும். மெஷின் அதப் பாத்துச் சொல்லிடும்," என்றார். எனக்குப் பதிலாக என் இரத்தம் மாத்திரை சாப்பிடப்போகிறது. அம்மாவுக்குப் பிறகு எனக்கு ஒரு சாட்சி கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து, மாலை ஆறு மணிக்கு அவருடைய கிளைக்குப் போனேன். சின்ன அறை. நீல ரெக்ஸின் நாற்காலி, கை வைக்கிற இடம் கிழிந்து, அதன் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரையே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள். சுவரில் அட்டை தொங்கியது. அவர் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது படித்தேன். எந்த டெஸ்ட்டுக்கு எந்த நிற மூடி, எந்தக் குழாயை எப்படி வைக்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது. என் டெஸ்ட்டுக்கு எதிரே, 'எடுத்த அன்றே தலைமைக்கூடம் வந்து சேர வேண்டும். பழைய இரத்தம் கூடாது' என்று சிவப்பில் போட்டிருந்தது.

"இத இப்பவே அனுப்பிடுவீங்களா?"

"இப்ப எங்க அனுப்பறது? நாளைக்கு ஞாயித்துக்கெழம, வண்டி கிடையாது. திங்கக்கெழம ஒம்பது மணி வண்டியில போகும்."

"அன்னைக்கே போகணும்னு அட்டையில போட்டிருக்கே?"

"அட்டையில ஆயிரம் போட்டிருக்கும்."

"அப்ப நான் திங்கக்கெழம காலைல வரேனே. லீவு சொல்லிட்டு..."

"ஏற்கெனவே ரெண்டு தடவ நோட்டுல ஏறியிருக்க. லீவு வேற கேளு, மூணாவதையும் சந்தோஷமா ஏத்துவான்." பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தார். "பதினாறு வருஷமா எடுக்கறேன். நீ எனக்குச் சொல்லித் தராத. கைய மடக்கு."

மடக்கினேன். எப்போது குத்தினார், எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. குழாயில் கருஞ்சிவப்பாக ஏறியது. பஞ்சை வைத்து அழுத்தி, மற்றவர்களுக்குப் பிடிப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "வலிச்சுதா?" என்றார். இல்லை என்றேன். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு குழாயில் ஒட்டுகிற சீட்டை எடுத்து எழுதினார். என் பெயர், வயது. தேதி இருந்த இடத்தில் திங்கட்கிழமைத் தேதி. நேரம் இருந்த இடத்தில் காலை 8.00.

"என்னங்க, இன்னைக்குச் சனிக்கெழமைதானே?"

"எல்லா டியூபுக்கும் எட்டு மணிதான். ஒம்பது மணி வண்டிக்குப் போறதெல்லாம் எட்டு மணிக்கு எடுத்தது. வேற ஏதாவது எழுதினா, ஏன் லேட்டு, எங்க வெச்சீங்கன்னு தலைமைக்கூடத்துலருந்து ஃபோன் போட்டுக் குடைவாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதறது."

முந்தின நாள் எடுத்தாலும் எட்டு, அதற்கு முந்தின நாள் எடுத்தாலும் எட்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு பிறந்த தேதி போட்டுக்கொள்கிற மாதிரி, அந்தக் கிளையில் ஊரார் இரத்தமெல்லாம் காலை எட்டு மணிக்கே பிறந்தது. இரத்தம் பொய் சொல்லாதுதான். அதற்குச் சீட்டு எழுதுகிறவர் சொல்லலாம் போலிருக்கிறது. நான் அப்போது இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. மனிதர் தன் வேலையைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறார், எனக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். குழாய் ஃபிரிட்ஜுக்குள் போனது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தபோது, ஆலைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். கையில் நீளக் கவர். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினார்.

"ஒண்ணும் இல்ல!"

கதவுக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர் நின்றிருந்தோம். நாற்பது பேருக்கும் கேட்டது.

நம் வாயில் இந்த இரண்டு சொல்லுக்கு எத்தனை வேலை! கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கி ஒன்றும் இல்லை என்போம். அழுகிறவளை என்ன ஆச்சு என்று கேட்டால் அவளும் ஒன்றும் இல்லை என்பாள். ரிப்போர்ட் நல்லபடி வந்தாலும் அதுதான். அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். முகமெல்லாம் பல். ஆனால் அந்தச் சொல் என் வீங்கின உதட்டையும், அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடியதையும், பதிமூன்று வருடம் நான் சொன்னதையும் சேர்த்து ஒன்றும் இல்லை என்றது.

தாளில் பெரிய எழுத்தில் 'எதிர்வினை இல்லை' என்று இருந்தது. அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இரண்டு வரி. பெரிய எழுத்து அவ்வளவு தெளிவாக இருக்கும்போது எறும்பை யார் குனிந்து பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

அவரே கவரைக் கஞ்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கஞ்சி அதை ஒரு கோப்பில் செருகினார். என்னைப் பார்த்து, "ஒரு மனக்குறை தீந்துதில்ல?" என்றார். மனக்குறையாம்! எனக்கு முகம் எரிந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். எதிர்மூலை மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "எந்த மெஷின் என்ன சொன்னா என்னடி? ஒனக்கு வந்தது வந்ததுதானே?" என்றாள்.

"வந்துதான்னே இப்பச் சந்தேகமா இருக்கு," என்றேன்.

பொய்க்குச் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். மற்றவர்கள் நம்பாததை என்னால் தாங்க முடிந்தது. அந்த வியாழக்கிழமையிலிருந்து நானே என்னை நம்பவில்லை. அன்றைக்குப் பல் வைத்தியர் போட்ட மரத்துப்போகிற ஊசியாக இருக்குமோ? அம்மா ஏதாவது தின்னக் கொடுத்தாளோ? பத்தொன்பது வயதுப் பெண் பயந்துபோய் மூச்சு அடைக்கிற மாதிரி நினைத்துக்கொண்டேனோ? அவர் சொல்கிற மாதிரி மனுஷி பொய் சொல்வாள், இரத்தம் சொல்லாது என்றால், இத்தனை நாள் பொய் சொன்னவள் நான்தானே.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தோள் பூட்டிக்கொண்டது. கையைத் தூக்கவே முடியவில்லை. நர்ஸ் அறைக்குப் போனேன். பின்னாலேயே கஞ்சி நோட்டோடு வந்து நின்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள், காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றினாள். கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணினோம் என்று எனக்கே தோன்றியது. விழுங்கினேன். கஞ்சி நோட்டை மூடிக்கொண்டு போனார்.

கால் மணி நேரம் பெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று என்னையே கேட்டுக்கொண்டு எழுந்து உருளைக்குப் போனேன். நாலாவது விரிப்போ ஐந்தாவதோ, உள்ளங்கை அரித்தது. புதுச் சோப்புத்தூள் என்று நினைத்தேன். பிறகு காது மடல். பிறகு உதடு இன்னொருத்தியின் உதடு மாதிரி தடித்துத் தொங்கியது. பதினெட்டு வருடம் கழித்தும் அந்த உதட்டை எனக்கு அடையாளம் தெரிந்தது. பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது என்ன தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. நான் பொய்க்காரி இல்லை.

அதற்குள் தொண்டை அடைத்தது. கையிலிருந்த மூலையை விட்டேன். விரிப்பு கோணலாக உருளைக்குள் போய்ச் சுருண்டது. எதிர்மூலை சிவப்புப் பட்டனை அடித்து உருளையை நிறுத்தினாள். ஒன்பது வருடத்தில் அந்த உருளை வேலை நேரத்தில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

கஞ்சி ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி அவருடைய அறைக்கு ஓடினார். ஆம்புலன்சுக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கோப்போடு வந்தார்.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னுதானே இருக்கு? எதிர்வினை இல்லன்னு போட்டிருக்கே?" என்று நர்ஸிடம் தாளைக் காட்டினார். நர்ஸம்மாவும் குனிந்து படித்தாள்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விசில் மாதிரி வந்தது. அவர்கள் இரண்டு பேரும் தாளைப் படிப்பது தெரிந்தது.

"ஏய், பேப்பரப் பாக்காதய்யா! அவ மூஞ்சியப் பாரு!" எதிர்மூலை போட்ட சத்தம் ஆலை முழுக்கக் கேட்டிருக்கும்.

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். துணி ஏற்றுகிற வண்டியில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே என்னைப் படுக்க வைத்து, எதிர்மூலை என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி விளக்கு. தொடையில் போட்ட ஊசி. அது வலித்தது. நெஞ்சுக்குள் காற்று போனது. நான் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் ஆலையின் பச்சை நூல் அடையாளம் இருந்தது. நான் தேய்த்ததாகக்கூட இருக்கும்.

என் வீட்டுக்காரர் வந்தபோது கண் திறந்து பேசுகிற நிலைக்கு வந்திருந்தேன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஓடி வந்திருக்கிறார் பாவம் என்று நினைத்தேன். கட்டில் பக்கம் வந்து, என் வீங்கின முகத்தைப் பார்த்து, அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"வேற என்ன சாப்பிட்ட?"

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உதடு வீங்கியிருந்ததால் பதில் சொல்லாததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வந்த டாக்டர் சின்னப் பெண். முன்பு எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டாள். பல் பிடுங்கிய கதையைச் சொன்னேன். அவள் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். குறுக்கே ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு இல்லை. எனக்கு அழுகை வந்தது.

"இவ்வளவு தெளிவாச் சொல்றீங்க, பிறகு ஏன் போட்டீங்க?"

"ரத்த டெஸ்ட்ல இல்லன்னு வந்துது."

எதிர்மூலை கஞ்சியிடமிருந்து பிடுங்கி வந்திருந்த தாளை டாக்டர் வாங்கினாள். அடியில் இருந்த எறும்பு வரிசையைத்தான் முதலில் படித்தாள். "இதுல எழுதியே இருக்கே. எதிர்வினை இல்லன்னு வந்தாலும் அலர்ஜி இல்லன்னு அர்த்தம் கிடையாது, நோயாளிக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு டாக்டர் கேட்டு முடிவு பண்ணணும்னு. இந்த மாத்திரைக்கெல்லாம் ரத்த டெஸ்ட்ட மட்டும் நம்ப முடியாதும்மா. நீங்க சொன்னதுதான் முதல் டெஸ்ட்." பிறகு மேலே பார்த்தாள். "திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு எடுத்த ரத்தம். அது புதுசுதான்."

"எட்டு மணிக்கு நான் ஆலையில இருந்தேன் டாக்டர். எடுத்தது சனிக்கெழம சாயங்காலம்."

டாக்டர் பேனாவை மூடினாள். "ஒண்ணரை நாளா? அதுல உயிரோட ஒரு செல்லாவது எழுந்திருக்குமா?" என்றாள். அன்றைக்கே தலைமைக்கூடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டாள். அவர் அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று என் செருப்பைக் காலால் நேராக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த இரண்டு நாளும் விழுந்து விழுந்து கவனித்தார். வெந்நீர் போட்டார், தலைமுடி சீவிவிடட்டுமா என்றார். மூன்றாவது நாள் விஷயத்துக்கு வந்தார்.

"விசாரணைக்கு ஆள் வராங்க. உன்னையும் கூப்பிடுவாங்க. எட்டு மணின்னே சொல்லிடு."

நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஊரே அப்படித்தான் எழுதுது. நான் மட்டுமா? ஆனா மாட்டினது நான். பதினாறு வருஷம், ஒரு ரிமார்க் கிடையாது. வேலை போயிடும்டி."

"நான் சொன்னத நம்பாம விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எட்டுன்னு சொல்லிடறேன்," என்றேன்.

மனதாரச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "நம்பாமலா டெஸ்ட் எடுத்தேன்? உன் நல்லதுக்குத்தானே எடுத்தேன்?" என்றார் அவர்.

அன்று மாலை எதிர்மூலை வந்தாள். என்னை மடிப்பு மேசைக்கு மாற்றியாகிவிட்டது, உட்கார்ந்தே வேலை செய்யலாம், கஞ்சியே சொன்னார் என்றாள். போகும்போது ஒரு சீட்டை என் கையில் திணித்தாள். ஆலை வாசலில் நாங்கள் விரல் வைக்கிற மெஷினிலிருந்து எடுத்த வருகைக் கணக்கு. என் பெயர், அந்தத் திங்கட்கிழமை. உள்ளே 7.26, வெளியே 5.34. ஆபீஸ் முத்திரையும் வாங்கியிருந்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"வெச்சுக்கடி. வெறும் வாயால சொல்லி யாரு ஜெயிச்சா?"

பர்ஸில் வைத்தேன். அதை எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். இது சத்தியம். சத்தியம் செய்து என்ன பயன் என்று கேட்காதீர்கள்.

விசாரணை அவருடைய கிளையிலேயே நடந்தது. தலைமைக்கூடத்திலிருந்து வந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். வேறு இருக்கை இல்லாததால் நான் அதே நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளாஸ்டர் ஒட்டின இடத்தில் கை தானாகப் போய் நீட்டிக்கொண்டது. அவர் ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றார். அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆணி மட்டும் இருந்தது.

"என்னைக்கு ரத்தம் குடுத்தீங்கம்மா?"

அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். எட்டு மணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"சனிக்கெழமைங்க. சாயங்காலம் ஆறு மணி."

அந்தம்மா கோப்பைப் புரட்டினார். "இதுல திங்கக்கெழம எட்டு மணின்னு இருக்கே." அவர் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். தெரியவில்லை என்றிருக்கலாம். நான் அதோடு விட்டிருப்பேன்.

"எட்டு மணிதான் மேடம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற மாதிரி, "அன்னைக்கு மூச்சு அடைச்சதுலருந்து அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்ககிட்ட ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

பர்ஸைத் திறந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார், நேரத்தைப் படித்தார், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோப்பில் இருந்த 8.00ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். என்னிடம் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா, நீங்க கிளம்பலாம்," என்றார்.

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னாலேயே தெருவுக்கு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. எதிர்க் கடையிலிருந்து ஒருவர், "என்ன கொசு, கடையச் சாத்தியாச்சா?" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

"பதினாறு வருஷம் போச்சு. இப்படி ஒரு சீட்டு கையில இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாயால சொன்னா ஆச்சா?" என்றேன்.